மூன்றாவது மாதத்தில் வந்த தோள் வலி: 49 வயதில் எடைப் பயிற்சி தொடங்கிய ஒருவரின் நிகழ்வு ஆய்வு

வயது 49, பெண். நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் கணக்கு வேலை. அதற்கு முன் ஜிம் பக்கமே போனதில்லை. ரத்த அழுத்தத்துக்குத் தினமும் ஒரு மாத்திரை. எச்பிஏ1சி (கடந்த மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 6.0, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் டி-ஸ்கோர் மைனஸ் 1.4, மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவே இருந்தால் எலும்பு மெலிய ஆரம்பித்திருக்கிறது என்று கணக்கு. மாதவிடாய் ஒழுங்கு தவறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. நடைப்பயிற்சி மட்டும் போதாது, எடை தூக்குங்கள் என்று அவருடைய மருத்துவர் சொல்ல, மருத்துவரின் சம்மதத்தோடுதான் ஜிம்மில் சேர்ந்தார். மூன்றாவது மாதம் வலது தோளைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் பிசியோ. அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

இந்த வயதில் எடை தூக்க ஆரம்பிக்கிறவர்கள் பயப்படுவது முதல் வாரத்தை நினைத்து. முதுகு பிடித்துக்கொள்ளுமோ, முட்டி போய்விடுமோ என்று. நான் பார்த்தவரை முதல் வாரம் பெரும்பாலும் பத்திரமாகவே கழிகிறது, ஏனென்றால் ஆள் பயந்து பயந்துதான் எடையைத் தொடுவார். அந்தப் பயம் தெளிந்து, எண்கள் மளமளவென்று ஏறி, "அட, நமக்கு நல்லாவே வருதே" என்று தோன்றுகிற இரண்டாவது, மூன்றாவது மாதம்தான் ஆபத்தான காலம். பெரிய விபத்து எதுவும் இல்லாமல், தவறான ஆளும் யாரும் இல்லாமல், ஒரு சாதாரண விதி ஒரு சாதாரண தோளை எப்படிக் கெடுத்தது என்பது இவருடைய கதையில் தெளிவாகத் தெரிகிறது, அதனால்தான் இதை எழுதத் தேர்ந்தெடுத்தேன்.

நோட்டில் இருந்தது

கணக்கு வேலை பார்க்கிறவர் என்பதால் நமக்கு ஒரு அதிர்ஷ்டம்: ஒவ்வொரு நாளும் எந்தப் பயிற்சி, எத்தனை கிலோ, எத்தனை ரெப் (ஒரு முறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்), எத்தனை செட் (நிறுத்தாமல் செய்யும் ரெப்புகள் சேர்ந்தது ஒரு செட்) என்று தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தார். பொதுவாக என்னிடம் வருகிறவர்களிடம் "எப்போ எடையைக் கூட்டினீங்க?" என்று கேட்டால் "கொஞ்சம் கொஞ்சமாத்தாங்க" என்று பதில் வரும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று யாருக்கும் நினைவிருக்காது. இவர் விஷயத்தில் நோட்டே சொன்னது.

முதல் வாரம்: மெஷினில் உட்கார்ந்து காலால் எடையைத் தள்ளுகிற லெக் பிரஸ் 40 கிலோ, டம்பெல்லை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட் 8 கிலோ, தரையிலிருந்து நீள இரும்புக் கம்பியை (பார்) தூக்கி நிமிர்கிற டெட்லிஃப்ட் வெறும் பார், அதாவது 20 கிலோ. டம்பெல்லைத் தோளிலிருந்து தலைக்கு மேலே தள்ளுகிற ஷோல்டர் பிரஸ் கைக்கு 2.5 கிலோ. மூன்றாம் நாள் பக்கத்தில் "படி இறங்க முடியலை" என்று ஒரு வரி. இது எல்லோருக்கும் வருவதுதான். பழக்கமில்லாத தசைக்கு வேலை கொடுத்தால், அதிலும் எடையை இறக்கும்போது தசை நீண்டுகொண்டே தாங்குகிற வேலை கொடுத்தால், 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் வலி உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடும். லாக்டிக் ஆசிட் தேங்கி நிற்பதால் வலிக்கிறது என்று இன்னும் பலர் சொல்கிறார்கள், அது பயிற்சி முடிந்த சிறிது நேரத்திலேயே ரத்தத்திலிருந்து வடிந்துவிடுகிற சமாச்சாரம், இரண்டு நாள் கழித்து வரும் வலிக்கு அதன் மேல் பழி போட முடியாது. அடுத்த வாரம் அதே பயிற்சியைச் செய்தபோது இவருக்கு அந்த வலியில் கால்வாசிகூட வரவில்லை, நோட்டிலும் படி பற்றிப் பேச்சில்லை. உடம்பு அவ்வளவு வேகமாகப் பழகிவிடும். (வலி இறங்காமல், தசை வீங்கி, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் மட்டும் கதை வேறு. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிற நிலை அது, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.)

ஆறாவது வாரத்தில் லெக் பிரஸ் 52.5, ஸ்குவாட் 14, டெட்லிஃப்ட் 40. ஷோல்டர் பிரஸ் மூன்றாவது வாரமே 5 கிலோ ஆகிவிட்டது, ஆறாவது வாரம் 7.5. அதே வாரத்தில் மூன்று நாள் பயிற்சி நான்கு நாளாகியிருந்தது. 7.5 கிலோவுக்கு நேரே மூன்று செட்டின் ரெப் கணக்கு "5, 4, 4, கடைசிக்கு உதவி" என்று இருந்தது. அதற்கு முந்தைய பக்கத்தில் 5 கிலோவுக்கு நேரே "10, 9, 8". ஏழாவது வாரம் "வலது பக்கம் சீக்கிரம் சோர்வு". ஒன்பதாவது வாரம் "வலது தோள் லேசா". பத்தாவது வாரம் "ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியலை".

அங்கே சொல்லிக்கொடுத்தவர் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று: வாரா வாரம் ஒரு படி ஏற்று. காதுக்கு நியாயமான விதிதான். லெக் பிரஸ்ஸில் அது நன்றாகவே வேலை செய்தது, 40-இலிருந்து 42.5 என்பது 6 சதவீதம்தான். ஆனால் அந்த ஜிம்மின் டம்பெல் ரேக்கில் 2.5, 5, 7.5, 10 என்றுதான் அடுக்கியிருக்கிறது. 5-இலிருந்து 7.5-க்குப் போனால் 50 சதவீதம். 2.5-இலிருந்து 5 என்றால் நேரே இரண்டு மடங்கு. காலுக்கும் தோளுக்கும் "ஒரு படி" என்று ஒரே பெயர், உள்ளே ஏறுகிற சதவீதமோ எட்டு மடங்கு, பதினாறு மடங்கு வித்தியாசம். எடையை 2-இலிருந்து 10 சதவீதம் வரை கூட்டலாம், அதுவும் திட்டமிட்டதைவிட ஒன்றிரண்டு ரெப் அதிகமாக இரண்டு முறை தொடர்ந்து செய்ய முடிந்த பிறகு என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009-இல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. டம்பெல் ரேக் அதைப் படிக்கவில்லை.

இது ஆண்களுக்கும் உண்டு, ஆனால் தொடக்கத்தில் குறைந்த எடை தூக்குகிற யாருக்கும் இது அதிகம் அடிக்கும், அதனால் பெண்களை அதிகம் அடிக்கிறது. 30 கிலோ டம்பெல் பிடிக்கிறவருக்கு 2.5 கிலோ ஒரு பொருட்டே இல்லை.

தோளில் என்ன தெரிந்தது

முதலில் தள்ளி வைக்க வேண்டியது உறைதோள், ஃப்ரோசன் ஷோல்டர். 40-இலிருந்து 60 வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் சர்க்கரை இருப்பவர்களுக்கு அதிகம் வருவது. இவர் அந்த விலாசத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிற ஆள். சோதிப்பது எளிது: முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, கையைத் தளர விடச் சொல்லி, நாமே முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். உறைதோளாக இருந்தால் நாம் திருப்பினாலும் திரும்பாது, பூட்டியது போல நிற்கும். இவருக்கு இடது எவ்வளவு திரும்பியதோ வலதும் அவ்வளவு திரும்பியது. அதுவே பாதி நிம்மதி.

கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னேன். 60 டிகிரியில் முகம் சுளித்தார், 120 தாண்டியதும் முகம் தெளிந்தது. எதிர்ப்புக் கொடுத்து வெளிப்பக்கம் தள்ளச் சொன்னபோது பலம் குறைவாக இருந்தது, வலித்தது. கழுத்தை அசைத்தால் ஒன்றும் இல்லை, கையில் மரத்துப்போதல் இல்லை. தோள் மூட்டைச் சுற்றியிருக்கிற ரொட்டேட்டர் கஃப் தசைநாண்கள் தாங்க முடியாத சுமையை வாங்கியிருக்கின்றன என்பதற்கு இவ்வளவு போதும். ஸ்கேன் கேட்டார். வேண்டாம் என்றேன். வலியே இல்லாத நடுத்தர வயதுத் தோள்களை ஸ்கேன் எடுத்தாலும் தேய்மானம், சின்னக் கிழிசல் என்று ஏதாவது ஒன்று தெரிவது சகஜம், அந்த அறிக்கையைப் படித்துவிட்டுக் கையைத் தூக்கவே பயப்படுகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. கீழே விழுந்திருந்தாலோ, கை திடீரென்று தூக்கவே முடியாமல் போயிருந்தாலோ நானே எடுக்கச் சொல்லியிருப்பேன்.

பிறகு 7.5 கிலோவைத் தோள் உயரத்துக்கு எப்படிக் கொண்டுபோவீர்கள் என்று செய்துகாட்டச் சொன்னேன், வலிக்கிற அளவுக்கு வேண்டாம், வெறும் கையால் போதும் என்று. நின்ற நிலையில் முட்டியை மடக்கி ஒரு உந்து, இடுப்பைப் பின்னால் வளைத்து ஒரு வீச்சு, வலது முழங்கை உடம்புக்குப் பின்னால் போய், மணிக்கட்டு மடங்கி, அங்கிருந்து மேலே. தள்ளுவதற்கு முன்பே தோள் ஒரு முழு வேலை பார்த்துவிடுகிறது.

"தள்றது பிரச்சினை இல்லைங்க, முடிச்சிட்டுக் கீழே இறக்குறப்பதான் சுள்ளுனு இழுக்குது" என்றார்.

இதை ரெப் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. உட்கார்ந்து, டம்பெல்லைத் தொடைமேல் நிறுத்தி, முட்டியால் ஒரு தட்டு தட்டி மேலே அனுப்புவதும், அதே வழியில் தொடைக்கே இறக்குவதும் ஐந்து நிமிஷத்தில் பழகக்கூடியது.

இன்னொன்றும் நோட்டைக் கூட்டிப் பார்த்தால்தான் தெரிந்தது. நெஞ்சிலிருந்து முன்னே தள்ளுகிற செஸ்ட் பிரஸ் 3 செட், ஷோல்டர் பிரஸ் 3 செட், கையைப் பக்கவாட்டில் விரிக்கிற லேட்டரல் ரெய்ஸ் 3 செட். நான்கு நாளுக்கு வாரம் 36 செட், எல்லாம் தோளின் முன்பக்கமும் பக்கவாட்டும் வாங்குகிறவை. இழுக்கிற பயிற்சி என்று பார்த்தால் தலைக்கு மேலே இருக்கிற கம்பியை நெஞ்சுக்கு இழுக்கிற லேட் புல்டவுன் ஒன்றுதான், வாரம் 12 செட்.

ஏன் முதல் வாரம் இல்லை, மூன்றாவது மாதம்

புதிதாகத் தூக்குகிறவருக்கு முதல் சில வாரங்களில் கூடுகிற பலத்தில் பெரும்பங்கு தசை வளர்ந்ததால் வருவதல்ல. மூளையும் நரம்பும் இருக்கிற தசையை நன்றாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வதால் வருவது. மொரிடானி, டிவ்ரீஸ் இருவரும் 1979-இலேயே இதைக் காட்டினார்கள்: முதலில் நரம்பு, பிறகு மெதுவாகத் தசையின் பருமன். அதனால்தான் கண்ணாடியில் ஒன்றும் தெரியாமலே எண்கள் மட்டும் ஏறுகின்றன.

தசையை எலும்போடு கட்டியிருக்கிற தசைநாணுக்கு இந்தக் குறுக்குவழி கிடையாது. ரத்த ஓட்டம் குறைந்த திசு அது, சுமைக்குப் பழகி உறுதியாக மாதங்கள் பிடிக்கும். ஆய்வுகளில் தெளிவான மாற்றம் தெரிவதற்கே சுமார் 12 வாரம் கனமான பயிற்சி தேவைப்படுகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2013-இல் கோபன்ஹேகனைச் சேர்ந்த குழு செய்தது. 1950-களின் நடுவிலிருந்து 1963 வரை நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறி, பிறகு படிப்படியாக இறங்கியது அல்லவா, அந்தத் தடத்தை வைத்து, மனிதர்களின் குதிகால் தசைநாணின் உள்மையம் எப்போது உருவானது என்று கணக்கிட்டார்கள். பதில்: ஏறக்குறைய 17 வயதுக்குள் உருவானது, அதற்குப் பிறகு பெரிதாகப் புதுப்பிக்கப்படவே இல்லை. தோள் தசைநாணும் அப்படியேதான் என்று அதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் 49 வயதில் நாம் எந்த மாதிரிப் பொருளை வைத்துக்கொண்டு தூக்குகிறோம் என்று யோசிக்க வைக்கிறது. பழைய சைக்கிளுக்குப் புது மோட்டார் மாட்டிவிட்டு, செயினை மட்டும் அப்படியே விட்ட கதை.

இருபது வயதுக்காரருக்கும் இதே இடைவெளி உண்டு. அவருக்கு அது குறுகலாக இருக்கும், தப்பித்துவிடுவார். நடுத்தர வயதில், அதிலும் மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, தசைநாண் தொந்தரவுகள் கூடுவதைக் கிளினிக்கில் உட்கார்ந்தால் தினமும் பார்க்கலாம். ஆக வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியது உடம்பிலேயே மெதுவாகப் பழகுகிற பாகம். "இன்றைக்கு என்னால் தூக்க முடிகிறது" என்பது தசை சொல்கிற பதில். தசைநாண் பதில் சொல்வது மறுநாள் காலையில், சில சமயம் மூன்று வாரம் கழித்து.

என்ன மாற்றினோம்

நிறுத்தச் சொல்லவில்லை. "ஓய்வு எடுங்க" என்பதுதான் இவர் அதிகம் பயந்த வார்த்தை, ஏனென்றால் இந்த வயதில் ஓய்வு என்று போனவர்கள் திரும்பி வருவது அபூர்வம், அது அவருக்கே தெரியும். காலுக்கும் இடுப்புக்கும் செய்வதில் கையே வைக்கவில்லை. டெட்லிஃப்ட் மட்டும் ஒரு விஷயத்துக்காகத் திருத்த வேண்டியிருந்தது: பெரிய பிளேட்டுகளின் விட்டம் 45 சென்டிமீட்டர், அதை மாட்டினால் பார் தரையிலிருந்து 22 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே நிற்கும். இவர் 5, 10 கிலோ சின்ன இரும்பு பிளேட்டுகளை மாட்டியிருந்ததால் பார் அதைவிடத் தாழ்வாகக் கிடந்தது, அதை எடுக்க முதுகை வளைத்துக் குனிய வேண்டியிருந்தது. எடை குறைவானவருக்குத்தான் அதிகம் குனிய வேண்டிய கட்டாயம், வேடிக்கைதான். இரண்டு பக்கமும் பலகை அடுக்கிப் பாரை உயர்த்தினோம், முதுகு நேரானது.

நாள் கணக்கை நான்கிலிருந்து இரண்டாக்கினோம், இடையில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலே பெரியவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாளோ அதற்கு மேலோ தசையைப் பலப்படுத்தும் பயிற்சி என்றுதான் சொல்கிறது. இரண்டு நாள் என்றதும் முகம் வாடிப்போனது, ஏதோ தண்டனை மாதிரி. மீதி நாளில் நடங்கள் என்றேன்.

தோளுக்கு: தலைக்கு மேலே தள்ளுவதை எடுத்துவிட்டு, பாரின் ஒரு முனையைத் தரையில் மூலையில் ஊன்றி, மறுமுனையை நெஞ்சுயரத்திலிருந்து சாய்வாக மேலே தள்ளுகிற பயிற்சி. லேட்டரல் ரெய்ஸ் வேண்டவே வேண்டாம். இழுக்கிற செட்டுகளை இரண்டு மடங்காக்கி, எடையை உடம்பை நோக்கி இழுக்கிற ரோ என்கிற பயிற்சியைச் சேர்த்தோம். ரப்பர் பேண்டை வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்புவது, மெதுவாக. இதற்கெல்லாம் ஒரே அளவுகோல்: செய்யும்போது வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலை எழும்போது பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் அதே எடை தொடரலாம், வரவில்லை என்றால் குறைக்க வேண்டும். வலி சுத்தமாக இல்லாமல் இருந்தால்தான் செய்வேன் என்று காத்திருப்பது தசைநாணைப் பலப்படுத்தாது.

எடை ஏற்றும் விதியையும் மாற்றினோம். வாரம் என்பதே கணக்கில் இல்லை. 8 ரெப்பில் ஆரம்பித்து மூன்று செட்டிலும் 12 வரும்வரை அதே எடை. மூன்றிலும் 12 வந்து, இன்னும் இரண்டு ரெப் உள்ளே மிச்சம் இருப்பதாகத் தோன்றினால் மட்டும் அடுத்தது. டம்பெல்லில் அந்த அடுத்தது 50 சதவீதமாக இருக்கும் இடத்தில், ஓடுகிறவர்கள் மணிக்கட்டில் கட்டுகிற ஒரு கிலோ பட்டையைக் கட்டிக்கொண்டு 5-ஐ 6 ஆக்கினோம், அப்புறம் ஒன்றரை கிலோ பட்டை. பார்பெல்லுக்கு அரை கிலோ பிளேட் கிடைக்கிறது, அதை வாங்கிப் பையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஜிம்மில் கொஞ்சம் சிரித்தார்களாம். சிரிக்கட்டும்.

மூன்று செட்டும் ஒரே கனத்தில் செய்வதையும் விட்டோம். இன்றைக்கு எங்கே போனாலும் காதில் விழுகிற "3 செட், 10 ரெப்" 1940-களில் தாமஸ் டிலோர்ம் என்கிற அமெரிக்க ராணுவ மருத்துவர் அடிபட்ட வீரர்களுக்காக உருவாக்கிய முறையிலிருந்து வந்தது. 1948-இல் வாட்கின்ஸோடு சேர்ந்து அவர் எழுதியபடி, பத்து முறை தூக்க முடிகிற எடையில் பாதி முதல் செட்டுக்கு, முக்கால் இரண்டாவதற்கு, முழுசும் மூன்றாவதற்கு மட்டும். அதாவது முதல் இரண்டும் கிட்டத்தட்ட வார்ம்-அப். கைமாறிக் கைமாறி வந்ததில் எண்ணிக்கை மட்டும் தங்கிவிட்டது, ஏற்றம் காணாமல் போய்விட்டது. தோள் பயிற்சிகளுக்கு அந்தப் பழைய ஏற்றத்தையே திரும்பக் கொண்டுவந்தோம்.

மூச்சு பற்றியும் பேச வேண்டியிருந்தது, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால். கனமானதைத் தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்குவது இயல்பு. 1985-இல் மெக்டூகலும் சகாக்களும் பாடிபில்டர்களின் ரத்தக்குழாய்க்குள்ளேயே கருவி வைத்து அளந்தபோது, இரண்டு காலாலும் லெக் பிரஸ் செய்கையில் ரத்த அழுத்தம் சராசரியாக 320/250 வரை ஏறியது. சில நொடிகளுக்குத்தான், எடையை வைத்ததும் இறங்கிவிடும், இவருடைய 52.5 கிலோவும் அவர்கள் தூக்கியதும் ஒன்றல்ல. ஆனாலும் அழுத்தம் கட்டுக்குள் இல்லாத ஆள் கடைசி ரெப் வரை முக்கிக்கொண்டு போவது தேவையில்லாத சூதாட்டம். தள்ளும்போது மூச்சை விடு, இறக்கும்போது இழு, இரண்டு ரெப் மிச்சம் வைத்து நிறுத்து. அவ்வளவுதான்.

சாப்பாட்டில் நான் கேட்டது புரதக் கணக்கு மட்டும். நோட்டு எழுதுகிறவரிடம் ஒரு வாரம் அதையும் எழுதச் சொன்னால் சந்தோஷமாக எழுதினார்: 63 கிலோ எடைக்கு நாளுக்குச் சுமார் 45 கிராம். ஒரு கிலோ உடல் எடைக்கு 0.8 கிராம் என்கிற அடிப்படை அளவே இவருக்கு 50 வருகிறது. எடைப் பயிற்சி செய்கிறவர்களுக்கு 1.6 வரை பலன் கூடுகிறது, அதற்கு மேல் பெரிதாக இல்லை என்று 2018-இல் மார்ட்டனும் சகாக்களும் 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள். 1.2 பக்கம், அதாவது 75 கிராம் பக்கம் கொண்டுபோனோம், மருத்துவரிடம் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு.

ஒரு வருஷம் கழித்து

தோள் உடனே அடங்கவில்லை. முதல் மாதம் இரவு வலி மட்டும் போனது. சுமார் மூன்று மாதத்தில் கையைப் பக்கவாட்டில் தூக்கினால் முகம் சுளிக்காத நிலை. அதற்கும் பிறகுதான் தலைக்கு மேலே தள்ளுவது, 4 கிலோவில் ஆரம்பித்து. இப்போது கைக்கு 7.5 கிலோ 9 ரெப், உதவி இல்லாமல். போன வருஷம் ஆறு வாரத்தில் தொட்ட எண்ணுக்கு ஒரு வருஷம் பிடித்திருக்கிறது. இதைக் கேட்டு யாராவது சலித்துக்கொண்டால் ஒன்றும் செய்வதற்கில்லை.

டெட்லிஃப்ட் 70 கிலோ 5 ரெப், அவர் எடையைவிட அதிகம். நாற்காலியிலிருந்து 30 நொடியில் எத்தனை முறை எழுந்து உட்காருகிறார் என்ற சோதனையில் முதலில் 11. 60-இலிருந்து 64 வயதுப் பெண்களுக்கு வழக்கமான அளவு 12 முதல் 17 என்கிறார்கள், அவர்களைவிட இவருக்குக் குறைந்தது பதினோரு வயது இளமை என்பதை நினைத்துக்கொள்ளவும். இப்போது 19. இடுப்புச் சுற்றளவு 91-இலிருந்து 86 சென்டிமீட்டர். தராசில் ஒரே ஒரு கிலோ குறைந்திருக்கிறது, முதல் ஆறு மாதம் அதுவும் இல்லை. தராசை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் நடுவிலேயே விட்டிருப்பார்.

எச்பிஏ1சி 5.7. இதை எடைப் பயிற்சியின் கணக்கில் மட்டும் எழுத மாட்டேன். தசைதான் ரத்தச் சர்க்கரையை உறிஞ்சுகிற பெரிய இடம், வேலை செய்கிற தசை இன்சுலின் உதவி இல்லாமலேயே சர்க்கரையை உள்ளே இழுக்கும் என்பது உண்மை. ஆனால் இவர் அதே வருஷம் தினமும் நடக்கவும் ஆரம்பித்திருந்தார், சாப்பாடும் மாறியது. மூன்றையும் பிரித்துச் சொல்ல ஒரு ஆளின் கதையால் முடியாது.

எலும்பு அடர்த்தி இன்னும் மறுபடி எடுக்கவில்லை. எலும்பு மாறுவது மெதுவாக, அவசரப்பட்டு எடுத்தால் கருவியின் பிழையைத்தான் அளந்துகொண்டிருப்போம். நம்பிக்கை வைக்கக் காரணம் இருக்கிறது: ஆஸ்திரேலியாவில் செய்து 2018-இல் வெளியான லிஃப்ட்மோர் ஆய்வில், எலும்பு மெலிந்திருந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்களில் ஒரு பாதியினர் எட்டு மாதம் வாரம் இரண்டு முறை, ஒரு தடவைக்கு 30 நிமிஷம், டெட்லிஃப்ட், ஸ்குவாட், ஓவர்ஹெட் பிரஸ் என்று கனமாகத் தூக்கினார்கள். கீழ்முதுகெலும்பின் அடர்த்தி அவர்களுக்கு 2.9 சதவீதம் கூடியது, வீட்டிலேயே லேசான பயிற்சி செய்த மற்ற குழுவுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. இந்த ஆய்வைக் காட்டி "வயசானாலும் வெயிட்டா தூக்கலாம்" என்று பேசுகிறவர்கள் விட்டுவிடுகிற ஒரு வரி உண்டு: பயிற்சி முழுக்கப் பக்கத்தில் ஆள் நின்று நடத்தியது, முதல் மாதம் சொந்த எடையும் மிகக் குறைந்த சுமையும்தான். கனமாகப் போனார்கள், சரி. அவசரமாகப் போகவில்லை.

இதை வைத்து எல்லோரும் 5 கிலோவிலேயே நின்றுவிட வேண்டும் என்று எடுத்துக்கொள்பவர்களும் வருவார்கள். அது இன்னொரு விதமான தவறு. பல மாதம் ஒரே டம்பெல்லை, 20 ரெப் செய்தாலும் வியர்க்காத டம்பெல்லை வைத்துக்கொண்டு சுழற்றுகிறவர்களுக்குத் தோள் வலிக்காது, பலமும் வராது. 1990-இல் ஃபியாட்டரோனும் சகாக்களும் முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேருக்கு, சராசரி வயது 90, எட்டு வாரம் கனமான காற்பயிற்சி கொடுத்தபோது, முடித்த ஒன்பது பேரின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. வயது தடை இல்லை என்பது தீர்ந்துபோன விவாதம். ஏற்றத்தான் வேண்டும், ஏற்றுகிற படியின் உயரம் எவ்வளவு என்று சதவீதத்தில் பார்த்துவிட்டு ஏற்ற வேண்டும், அதுவும் ஒவ்வொரு மூட்டுக்கும் தனித்தனியாக.

இப்போதைக்கு ஒரு சின்ன வாக்குவாதம் எங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. டெட்லிஃப்ட் 70-ஐ எட்டியதிலிருந்து வலது முழங்கையின் வெளிப்பக்கம் லேசாகக் குடைகிறது என்கிறார். இடுப்பும் காலும் இன்னும் ஏற்றத் தயாராக இருக்கின்றன, பிடிதான் பின்தங்கியிருக்கிறது. மணிக்கட்டில் ஸ்ட்ராப் (பாரைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிற பட்டை) கட்டிக்கொண்டு தூக்கினால் முழங்கைக்கு வேலை குறையும் என்றேன், அது ஏமாற்று வேலை என்று அவருக்கு எண்ணம். கடைசியில் இப்படி ஒத்துக்கொண்டோம்: 50 கிலோ வரை வெறும் கை, அதற்கு மேலே ஸ்ட்ராப், முழங்கை மறுநாள் காலையில் சத்தம் போடாமல் இருந்தால் வெறும் கைக்கான எல்லையை 2.5 கிலோ ஏற்றலாம். அந்த எடைக்கு அது 5 சதவீதம். கணக்கை அவரே போட்டுச் சொன்னார்.